தேர் போன பிறகு வரும் தெய்வம்

கியோட்டோ நகரின் யசகா ஷின்டோ ஆலயத்துக்கு உரியது கியோன் திருவிழா. ஜூலை மாதம் முழுக்க நடக்கும் இந்த விழாவில் உலகம் அறிந்தது 17ஆம் தேதி காலைத் தேர் ஊர்வலத்தைத்தான். நண்பகலில் தேர்கள் தத்தம் தெருவுக்குத் திரும்பியதும் கூட்டம் கலைகிறது. ஆனால் விழாவின் உயிர்நாடி அன்று மாலையில் இருக்கிறது. அதன் பிறப்பே இதற்குச் சான்று. 869இல் கொள்ளைநோய் பரவியபோது, அன்றைய மாகாணங்களின் கணக்குப்படி 66 ஈட்டிகளை நட்டு, தெய்வத்தை எழுந்தருளச் செய்து நோய் நீங்க வேண்டினார்கள் என்பது ஆலய மரபு. அந்த ஈட்டிகளின் வழிவந்தவைதான் இன்றைய தேர்கள். பின்னால் வரப்போகும் தெய்வத்துக்கு வழியைத் தூய்மை செய்வது அவற்றின் வேலை. வழியில் திரண்ட தீமை ஊரில் தங்கிவிடக் கூடாது என்றுதான் ஊர்வலம் முடிந்த கையோடு அவற்றைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். மாலையில் ஆலயத்தின் மேற்கு வாசலுக்கு முன்னால் மிகோஷி எனும் மூன்று பல்லக்குகள் தோளில் ஏறுகின்றன. ‘ஹொய்த்தோ, ஹொய்த்தோ’ என்ற முழக்கத்தோடு தெய்வங்கள் ஷிஜோ வீதியிலுள்ள தங்கும் இடத்துக்குப் போய், 24ஆம் தேதிவரை ஊர் நடுவே வீற்றிருக்கின்றன.

தேர்களின் அழகை யாரும் மறுக்க முடியாது. பெரிய தேர் ஒன்று சுமார் 25 மீட்டர் உயரம், 12 டன் எடை. அதன் மரச்சட்டத்தை ஆணி அடிக்காமல் வைக்கோல் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டுகிறார்கள். சக்கரங்கள் திரும்பாதவை. அதனால் தெருமுனையில் பிளந்த மூங்கிலைச் சக்கரத்துக்கு அடியில் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் வடம்பிடித்து இழுக்கிறார்கள். ஒரே இழுப்பில் முழுதும் திரும்பாது. மூங்கிலை மாற்றிப் போட்டு மறுபடி இழுக்க வேண்டும்.

தேர்தானே மக்களின் விழா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். 1533இல் ஷோகுன் எனும் படைத்தலைவரின் அரசு ஆலயச் சடங்கை நிறுத்தியபோது, சடங்கு நடக்காவிட்டாலும் தேரையாவது விட வேண்டும் என்று நகர மக்களே கேட்டிருக்கிறார்கள். ஆனால் அவர்கள் கேட்டது தங்கள் தெருவின் காணிக்கையைச் செலுத்தும் உரிமையை. வேடிக்கை பார்ப்பவர்களுக்காகக் கேட்கவில்லை. 2020இலும் 2021இலும் கொரோனாவால் தேரோட்டமும் நின்றது, பல்லக்குகளும் புறப்படவில்லை. அப்போதும் தெய்வத்தைச் சகாகி மரக்கிளையில் எழுந்தருளச் செய்து, வெள்ளைக் குதிரைமேல் ஏற்றி ஊருக்குள் அழைத்து வந்தார்கள். தேர் இல்லாமல் விழா நடந்தது. தெய்வம் வராமல் நடத்த ஆலயத்துக்கு மனம் வரவில்லை.

தேர் ஊர்வலத்தைப் பார்க்கப் போடும் கட்டண இருக்கைகளின் வருமானம் இல்லாமல் இவ்வளவு பெரிய விழாவை நடத்த முடியாது என்பார்கள். செலவு பெரிது என்பது உண்மைதான். ஆனால் 2023இல் ஓர் இருக்கையை 4 லட்சம் யென்னுக்கு விற்றது, மதுவும் பரிமாறியது இரண்டையும் வரவு செலவுக் கணக்கைக் காட்டி நியாயப்படுத்த முடியாது. இந்த விழா காட்சி நிகழ்ச்சி இல்லை என்று ஆலயத்தின் தலைமைப் பூசாரியே வெளிப்படையாகச் சொன்னார். அவர் பக்கமே நியாயம் என்பேன்.

ஜூலையில் கியோட்டோ போகிறவர்கள் காலையில் தேரைப் பாருங்கள். ஆனால் ஊர் திரும்பும் ரயிலுக்கு இரவுச் சீட்டே எடுங்கள். மாலை ஆறு மணிக்கு யசகா ஆலயத்தின் மேற்கு வாசலில் இருங்கள்.