ஒரே பெயர்… வேறு பம்பர்!

உங்கள் வீட்டு மைவி, ஜுரு சாலை நெரிசலில் முன்னால் நின்ற லாரியில் லேசாக முட்டிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். யாருக்கும் காயமில்லை. முன் பம்பர் மட்டும் பிளந்துவிட்டது. செலவைக் குறைக்க, அப்பா உங்களையும் கூட்டிக்கொண்டு பழைய உதிரிப்பாகக் கடைக்குப் போகிறார். கடைக்காரர் ஒரு பம்பரை எடுத்துக் காட்டி, “இதுவும் மைவிதான், அப்படியே உட்காரும்” என்கிறார். நிறமும் அதே நிறம். வாங்கலாமா?

கொஞ்சம் பொறுங்கள் மாணவர்களே! முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “எந்த மைவி?”

பெரோடுவா நிறுவனம் முதல் மைவியை 2005-இல் வெளியிட்டது. இரண்டாம் தலைமுறை 2011-இல் வந்தது. மூன்றாம் தலைமுறை 2017-இல் வந்தது. இடையிடையே 2008, 2015, 2021 ஆகிய ஆண்டுகளில் முகத்தோற்றமும் மாறியது. முதல் இரண்டு தலைமுறைக் கார்களின் அகலம் ஒன்றுதான்: 1,665 மில்லிமீட்டர். அப்படியானால் பம்பரும் பொருந்துமா? பொருந்தாது. விளக்கின் வளைவும், பக்கத் தகடு முடியும் இடமும், கிளிப் மாட்டும் துளைகளும் வேறு. மூன்றாம் தலைமுறையில் அகலமே 1,735 மில்லிமீட்டர் ஆகிவிட்டது.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. முதல் மைவிக்கு அடிப்படையான கார், ஜப்பானில் டொயோட்டா பாஸோ, டைஹாட்சு பூன் என்ற பெயர்களில் ஓடியது. அதனால்தான் நம் நாட்டில் சிலர் மைவிக்குப் பாஸோவின் முகத்தையே பொருத்துகிறார்கள். ஆனால் பம்பரை மட்டும் மாற்றினால் போதாது. விளக்கு, கிரில் போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பெயர் ஒன்றாக இருந்தும் பொருந்தாமல் போகலாம். பெயர் வேறாக இருந்தும் பொருந்தலாம். முடிவு செய்வது பொருத்தும் புள்ளிகளே.

சரி, கொஞ்சம்தானே வித்தியாசம்? பட்டறையில் புதுத் துளை போட்டு ஆணியை முறுக்கிவிட்டால் என்ன? இங்கேதான் இயற்பியல் குறுக்கே வருகிறது.

பம்பரின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். ‘பிபி+இபிடிஎம்-டிடி20’ என்பது போன்ற எழுத்துகள் இருக்கும். பிபி என்பது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக். இபிடிஎம் என்பது உடையாமல் வளைவதற்காகச் சேர்த்த ரப்பர். டிடி20 என்றால் 20 விழுக்காடு டால்க் தூள். முகப் பவுடரில் வரும் அதே கனிமம்தான். இந்தக் கலவை, வெப்பத்தில் எஃகைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு அதிகமாக விரியும்.

கணக்குப் போடுவோம். 1.6 மீட்டர் நீளப் பம்பர் காலையில் 25 டிகிரி செல்சியஸ். மதிய வெயிலில் 65 டிகிரி. அது சுமார் 4 மில்லிமீட்டர் நீளும். அதே நீள எஃகு 1 மில்லிமீட்டர்கூட நீளாது. இதற்காகத்தான் பல துளைகளை வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக விடுகிறார்கள். பம்பர் நகர அங்கே இடம் உண்டு. தவறான பம்பரை இழுத்துப் பிடித்து ஆணி அடித்தால், நகர வழியின்றி அது புடைக்கும். நாளடைவில் துளையோரம் விரிசல் விடும்.

இன்னொன்று: நாம் வெளியே பார்ப்பது வெறும் உறைதான். அதன் பின்னால் மோதலின் ஆற்றலை உள்வாங்கும் நுரைப்பஞ்சும், குறுக்கே ஓர் உலோகச் சட்டமும் பல கார்களில் இருக்கும். உறை அழகாக உட்கார்ந்துவிட்டது என்பதற்காக, நொறுங்கிய நுரையை அப்படியே விட்டால் அடுத்த மோதலில் பாதுகாப்பு குறையும்.

கடையில் சரிபார்க்க வேண்டியவை:

1. காரின் கிராண்டில் உள்ள தயாரிப்பு ஆண்டும் சேசிஸ் எண்ணும். பம்பரின் உட்புறத்தில் பாக எண் இருந்தால் அதையும் ஒப்பிடுங்கள்.

2. கிளிப் மாட்டும் காதுகள். ஒன்றிரண்டு ஒடிந்திருந்தால் ஓரம் தொங்கும்.

3. பனி விளக்கு, நிறுத்த உணர்கருவி, இழுவைக் கொக்கி ஆகியவற்றுக்கான துளைகள்.

4. தடித்த பூச்சு அல்லது பட்டி. பல புதிய கார்களில் பம்பருக்குப் பின்னால் 77 கிகாஹெர்ட்ஸ் ரேடார் உண்டு. அதன் அலைநீளம் சுமார் 4 மில்லிமீட்டர்தான். தடித்த பட்டி அந்த அலையைக் குழப்பிவிடும்.

5. பணம் கொடுக்கும் முன், காரில் வைத்துப் பார்த்தல். இரு பக்க இடைவெளியும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

செய்து பாருங்கள்: 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றும் எஃகு அடிக்கோல் ஒன்றும் எடுங்கள். குளிர்சாதன அறையில், இரண்டின் பூஜ்ஜியக் கோட்டையும் ஒன்றாக வைத்து 30-ஆம் கோட்டைப் பாருங்கள். பிறகு இரண்டையும் வெயிலில் அரை மணி நேரம் வைத்து மீண்டும் ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக்கின் 30-ஆம் கோடு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் முந்தியிருக்கும். பம்பரின் துளை ஏன் நீள்வட்டம் என்று யாரேனும் கேட்டால், அந்த இரண்டு அடிக்கோல்களையும் காட்டுங்கள்!