களைப்பை அளக்க ஒரு கணக்கு!

மூட்டையை நிறுக்கத் தராசு உண்டு. துணியை அளக்கக் கெஜக்கோல் உண்டு. உடம்பு படும் பாட்டை அளக்க என்ன உண்டு?

அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது! ஜூடோ வீரர்களுக்கு அது பெரிதும் உதவுகிறது.

ஜூடோ ஜப்பான் நாட்டுக் கலை. 1882-ம் ஆண்டில் ஜிகோரோ கானோ என்ற ஆசிரியர் இதைத் தொடங்கினார். 1964-ம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இது முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. எதிராளியின் சட்டையைப் பற்றி இழுத்து, நிலைகுலையச் செய்து, முதுகு தரையில் படும்படி வீழ்த்த வேண்டும்.

போட்டிக்கு 4 நிமிடம். அதற்குள் முடிவு தெரியாவிட்டால், தெரியும்வரை ஆட்டம் நீடிக்கும். நெஞ்சு படபடக்கும். முன்கை கல்லாக இறுகிவிடும்.

ஓட்டக்காரர் எத்தனை மைல் ஓடினார் என்று அளந்துவிடலாம். ஜூடோ வீரர் நின்ற இடத்திலேயே மல்லுக்கட்டுகிறார். அவர் பட்ட பாட்டை எப்படி அளப்பது?

75 விநாடிச் சோதனை

போலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்டெர்கோவிச் 1995-ம் ஆண்டில் ஒரு வழி கூறினார்.

6 மீட்டர் இடைவெளியில் இருவர் நிற்பார்கள். வீரர் நடுவில் நிற்பார். ஓடிப்போய் ஒருவரைத் தோள்மேல் இழுத்து வீழ்த்த வேண்டும். உடனே மற்றவரிடம் ஓட வேண்டும். முதலில் 15 விநாடி, பிறகு 30, மறுபடியும் 30. நடுநடுவே 10 விநாடி ஓய்வு.

ஒருவர் 25 தடவை வீழ்த்தினார் என்று வைத்துக்கொள்வோம். முடிந்ததும் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 180. ஒரு நிமிடம் கழித்து 145. இரண்டையும் கூட்டினால் 325. அதை 25-ஆல் வகுத்தால் 13. இந்த எண் குறையக் குறைய, வீரர் தேறி வருகிறார் என்று பொருள்.

வீரரைக் கேளுங்கள்!

தினமும் இந்தச் சோதனையை நடத்த முடியாது. இதயத்துடிப்புக் கருவியை மார்பில் கட்டினாலோ, உருண்டு புரளும்போது நழுவிவிடும்.

சுவீடன் நாட்டு அறிஞர் குன்னர் போர்க் சுலபமான வழி கண்டார். வீரரையே கேட்டு, கஷ்டத்தை எண்ணாகச் சொல்ல வைத்தார். அமெரிக்க அறிஞர் கார்ல் ஃபாஸ்டர் அதை அன்றாடக் கணக்காக்கினார்.

பயிற்சி முடிந்து அரை மணி கழித்து, "எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" என்று கேட்பார்கள். ஓய்வு என்றால் 0. இதற்குமேல் முடியாது என்றால் 10. 90 நிமிடப் பயிற்சிக்கு 7 என்றால், 90-ஐ 7-ஆல் பெருக்க வேண்டும். அன்றைய சுமை 630. மறுநாள் 60 நிமிடம், கஷ்டம் 3 என்றால் சுமை 180.

எதற்கு இந்தக் கணக்கு?

ஒரே பயிற்சி ஒருவருக்கு லேசு, இன்னொருவருக்குப் பளு. இரவு தூங்காதவரும், எடையைக் குறைக்கப் பட்டினி கிடந்தவரும் 5-க்குப் பதில் 8 சொல்வார்கள். அதைக் கவனிக்காமல் நாள்தோறும் சுமையை ஏற்றினால் தூக்கம் கெடும். காயம் ஏற்படலாம். எவ்வளவு பழகினாலும் திறமை இறங்கிவிடும்.

இந்தக் கணக்குக்கு உண்மை தேவை. அணியில் இடம் போய்விடுமே என்று பயந்து வீரர் 8-ஐ 5 என்று சொன்னால், கணக்கு பொய்யாகும். முறிவது அவருடைய உடம்புதான்.

எனவே, 8 என்று சொல்கிறவரைச் சோம்பேறி என்று ஏசாத பயிற்சியாளர் வேண்டும். "இன்று முடியவில்லை, ஐயா" என்று பயமில்லாமல் சொல்ல முடிந்தால்தான், வீரர் நாளைக்கும் களத்தில் நிற்பார்.