லிந்துலைப் பக்கம் மாசியில் வாருங்கள்

லிந்துலைக்கு வருவோர் தலவாக்கலைக்கு அருகே 97 மீட்டர் உயர டெவன் அருவியையும் சென்கிளயர் அருவியையும் படம்பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் இலங்கை மலையகத்தின் பெருஞ்சிறப்பு காமன் கூத்துத்தான்.

மாசி அமாவாசைக்குப் பின் காமன் கம்பம் ஊன்றுவார்கள். தீயில் காய்ச்சித் தோலை முறுக்கேற்றிய தப்புப் பறை அதிரத் தொடங்கினால் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் யாருக்குத் தூக்கம்? பகலெல்லாம் தோட்ட வேலை பார்த்த இளைஞர், இரவில் சேலை கட்டி ரதியாக ஆடுவார். மன்மதன் வில்லேந்தி வருவான். தூதன், வீரபத்திரர், எமன் என்று வேடங்கள் தொடரும். கடைசி இரவில் சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரிவான். ரதியின் ஒப்பாரி கேட்டு உயிர்த்தெழுவான்.

பார்க்க விரும்புவோர் மாசி பிறந்ததும் தோட்டத்து உறவினரிடம் கூத்து நடக்கும் நாளை விசாரித்துக்கொள்ளுங்கள். இரவுக் குளிருக்குக் கம்பளியும் அவசியம்.