மணலை வாரும் பொறி

திருவனந்தபுரத்தின் கவடியார் பகுதியில் ஒன்பது குழிகள் கொண்ட பழைமையான கோல்ஃப் ஆடுகளம் ஒன்று உள்ளது. கோல்ஃப் என்பது சிறிய பந்தை மட்டையால் அடித்து, தொலைவிலுள்ள குழியில் விழச்செய்யும் விளையாட்டு. இந்தியாவில் 1829ஆம் ஆண்டு கொல்கத்தாவிலும், 1895ஆம் ஆண்டு கொடைக்கானலிலும் இதற்கான கழகங்கள் தோன்றின.

ஆடுகளத்தில் ஆங்காங்கே மணல் நிரப்பிய பள்ளங்கள் இருக்கும். அவை மணற்குழிகள் எனப்படும். ஸ்காட்லாந்தின் கடற்கரைகளில் இவை இயற்கையாகவே அமைந்திருந்தன. இன்று ஆட்டத்திற்குத் தடையாக வேண்டுமென்றே அமைக்கப்படுகின்றன.

ஏன் சமன் செய்ய வேண்டும்?

கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்கும் குறைவு. ஒருவரின் காலடிப் பள்ளத்தில் அது விழுந்தால் அடுத்தவர் அதனை வெளியேற்றுவது கடினம். பந்தை அடிக்கும் முன் மணலைத் தொட்டுச் சோதிக்கவும் விதி இடம் தருவதில்லை. ஆகவே, மணல் சமமாக இருந்தால்தான் ஆட்டம் அனைவருக்கும் நேர்மையானதாக அமையும்.

கேரளத்தில் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்கின்றன. பெருமழை சரிவிலுள்ள மணலை அரித்துக் கீழே தள்ளிவிடும். தேங்கிய நீரை முதலில் வெளியேற்ற வேண்டும். அரித்த மணலை மீண்டும் சரிவில் ஏற்ற வேண்டும். அதன் பின்னரே சமன் செய்ய இயலும்.

பொறியை இயக்கும் முறை

சிறிய ஆடுகளங்களில் கைவாரியே போதும். பெரிய ஆடுகளங்களில் மூன்று அகன்ற சக்கரங்களைக் கொண்ட பொறியைப் பயன்படுத்துவர். அதன் பின்புறத்தில் பற்களுடைய வாரி பொருத்தப்பட்டிருக்கும். சீப்பு தலைமுடியை வாருவதுபோல அது மணலை வாரும்.

1. முதலில் குழிக்குள் நடந்து, கற்களையும் சருகுகளையும் அகற்ற வேண்டும்.

2. சரிவு குறைந்த பக்கமாக நுழைய வேண்டும். மணலுக்குள் வந்தபின், பொறி நகரும்போதே வாரியை இறக்க வேண்டும்.

3. மெதுவாக ஓட்ட வேண்டும். திடீரெனத் திருப்பினால் சக்கரம் மணலைத் தோண்டிவிடும். செங்குத்தான கரையில் ஏற்றக்கூடாது. விளிம்பிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. விலகியே செல்ல வேண்டும்.

4. வெளியேறும்போது வாரியை மெல்ல உயர்த்த வேண்டும். சட்டென உயர்த்தினால் மணல் மேடாகும். உயர்த்த மறந்தால் மணல் புல்லின்மீது இழுபடும்.

5. அடுத்த முறை வேறு வழியாக நுழைய வேண்டும். ஒரே வழியில் சென்றால் அங்குள்ள புல் தேய்ந்துவிடும்.

விளிம்புகளையும் செங்குத்துச் சரிவுகளையும் கைவாரியால்தான் சீராக்க முடியும். பொறி எவ்வளவு வளர்ந்தாலும் கையின் வேலை அங்கே எஞ்சி நிற்கிறது.

கவனக்குறைவின் விளைவு

குழியின் அடியில் மணல் பொதுவாக 10 செ.மீ. ஆழம் இருக்கும். வேகமாக ஓட்டினால் மணல் ஓரத்தில் ஒதுங்கி, நடுப்பகுதி மெலியும். வாரியின் பற்கள் அடியிலுள்ள களிமண்ணைக் கிளறும். மணலும் மண்ணும் கலந்தால் நீர் வடியாது. ஒருநாள் அவசரத்தால் குழி முழுவதற்கும் புதுமணல் இட நேரிடலாம்.

நம் ஊர் அறிவு

தமிழகத்து உழவர் சேற்றுவயலில் பரம்படித்து நிலத்தைச் சமன் செய்வர். மேடுபள்ளம் இருந்தால் நீர் சமமாக நிற்காது. நாற்றும் சீராக வளராது. வயலில் மாடு இழுக்கும் பரம்பும் ஆடுகளத்தில் ஓடும் பொறியும் செய்யும் தொழில் ஒன்றே.

பொறியை ஓட்டுபவர் ஆட்டம் தொடங்குமுன்பே தம் பணியை முடித்துச் சென்றுவிடுவார். அவர் வேலை நன்றாக இருந்தால் ஒருவரும் அதனைக் கவனிப்பதில்லை. பிழை நேர்ந்தால் மட்டுமே அனைவரும் காண்பர். நம் பள்ளியிலும் வீதியிலும் இத்தகையோர் பலர் உள்ளனர். அவர்களை மதித்து நடப்போம்.

சொற்பொருள்

வாரி – மணலைக் கோதிச் சமன் செய்யும் பற்களுடைய கருவி
பரம்பு – வயலைச் சமப்படுத்தும் பலகை
சருகு – உலர்ந்த இலை

வினாக்கள்

1. மணற்குழியைச் சமன் செய்வதற்கும் ஆட்டத்தின் நேர்மைக்கும் உள்ள தொடர்பு யாது?
2. வாரியை மெல்ல உயர்த்த வேண்டியது ஏன்?
3. பரம்படித்தலைப் பற்றி உம் தாத்தா, பாட்டியிடம் கேட்டு ஐந்து வரிகள் எழுதுக.