திருப்புளி போய் ஸ்லைடர் வந்தது

மருந்துப் பெட்டியின் மடிப்பில் பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, விலை என்று நாலு வரி அச்சாகியிருக்கும். அவை ஒழுங்காக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க, கன்வேயர் ஓரம் ஆட்களை உட்கார வைத்த காலம் உண்டு. பிறகு அந்த வேலைக்குக் கேமரா வந்தது. ஆள் போய்க் கேமரா வந்த கதை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேமராவைப் படம் பிடிக்கத் தயார் செய்கிற வேலையே தலைகீழாக மாறிப்போனது, லைனில் நின்றவர்களுக்கு மட்டும் தெரிந்த கதை.

தொண்ணூறுகளின் கேமராவுக்குச் சொந்த மூளை கிடையாது. தொலைக்காட்சிக்காக வகுத்த விதிப்படி, விநாடிக்கு 25 படம் என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அங்கிருந்து ஒரு தடித்த கேபிள் கணினிக்குப் போகும். கணினிக்குள் செருகிய ஃப்ரேம் கிராபர் கார்டு, ஓடுகிற படங்களில் ஒன்றைப் பிடித்து நிறுத்தும். பெட்டி வந்துவிட்டது என்று சென்சார் சொன்னாலும், அடுத்த படம் தொடங்கும்வரை கார்டு காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு 40 மில்லி விநாடி வரை போகலாம். நிமிடத்துக்கு 30 மீட்டர் ஓடும் கன்வேயரில், அதற்குள் பெட்டி 20 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரு பெட்டி திரையின் நடுவில் நிற்கும், அடுத்தது பாதி வெளியே போயிருக்கும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருந்தது. அந்தக் காலத்துப் படம் முழுசாக ஒரே கணத்தில் எடுக்கப்பட்டதல்ல. முதலில் ஒற்றை வரிகள், 20 மில்லி விநாடி கழித்து இரட்டை வரிகள். நடுவில் பெட்டி 10 மில்லிமீட்டர் ஓடியிருக்கும். காலாவதித் தேதியின் எழுத்துகள் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரியும். தப்பிக்க வழி இரண்டுதான்: பாதி வரிகளைத் தூக்கியெறிந்துவிட்டு மங்கலான படத்தோடு திருப்திப்படுவது, அல்லது ஒரே ஒரு மின்னல்வெட்டு ஒளியை அடித்து அந்தக் கணத்தை உறைய வைப்பது.

ஷட்டர் வேகத்தை மாற்ற வேண்டுமென்றால் கேமராவின் பின்பக்கம் இருக்கும் குட்டி ஸ்விட்சுகளைப் பேனா முனையால் தட்ட வேண்டும். விநாடியில் 250-இல் ஒரு பங்கு, 500-இல் ஒரு பங்கு, 1000-இல் ஒரு பங்கு என்று படிகள், இடையில் ஒன்றுமில்லை. படத்தை மின்னணு முறையில் வெளிச்சமாக்கும் கெயினுக்கு ஒரு சின்னத் திருகு. நுனி மெல்லிய திருப்புளியால் கால் சுற்று திருப்பிவிட்டு, எங்கோ தள்ளி இருக்கும் மானிட்டரை எட்டிப் பார்த்து, ‘போதுமா?’ என்று கத்திக் கேட்க வேண்டும். ஒருவர் திருப்ப, ஒருவர் பார்க்க, குறைந்தது இரண்டு ஆள் வேலை.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. எழுத்தைப் படிக்கும் டேட்டாமேன் கருவியோடு 1980-களின் தொடக்கத்தில் தொழிலுக்குள் வந்த காக்னெக்ஸ் நிறுவனம், 2000-வாக்கில் இன்சைட் வரிசையைக் கொண்டுவந்தது. படம் பிடிப்பது, ஆராய்வது, ‘சரி’, ‘ரிஜெக்ட்’ என்று சொல்வது எல்லாம் உள்ளங்கை அளவுப் பெட்டிக்குள் அடங்கின. 2006-இல் ஜெனிகேம் என்ற பொது ஏற்பாடு வந்த பிறகு, அதை ஏற்ற எந்தக் கம்பெனிக் கேமராவானாலும், ஷட்டர் திறந்திருக்கும் நேரமான எக்ஸ்போஷருக்கும், படம் பிடிக்கச் சொல்லும் ட்ரிகருக்கும் ஒரே பெயர், ஒரே அலகு என்றாயிற்று. பழைய கேமராக்களில் படத்தைப் பிடித்த சி.சி.டி. சென்சார்களைக் கைவிடப் போவதாக சோனி 2015-இல் அறிவித்தது. முழுப் படத்தையும் ஒரே கணத்தில் பிடிக்கும் சீமாஸ் சென்சார்கள் அந்த இடத்துக்கு வந்தன. சீப்புப் பல் அதற்கு முன்பே ஒழியத் தொடங்கியிருந்தது.

இன்று ஆலத்தூரிலோ ஓசூரிலோ ஒரு பேக்கிங் லைனில் புதிதாகச் சேர்ந்த டிப்ளமோ பையன், மடிக்கணினியில் நெட்வொர்க் கேபிளைச் செருகி, எக்ஸ்போஷர் கட்டத்தில் 150 மைக்ரோ விநாடி என்று தட்டுகிறான். அந்த எண் எங்கிருந்து வருகிறது? பார்வைப் பரப்பு 100 மில்லிமீட்டர், அதில் 1280 பிக்சல் என்றால் ஒரு பிக்சல் சுமார் 0.08 மில்லிமீட்டர். பெட்டி விநாடிக்கு 500 மில்லிமீட்டர் ஓடுகிறது. 150 மைக்ரோ விநாடியில் அது நகர்வது 0.075 மில்லிமீட்டர், ஒரு பிக்சலுக்குள் அடங்கிவிடும். எழுத்து கலங்காது. பெட்டி வந்ததைச் சொல்லும் சென்சாரின் 24 வோல்ட் துடிப்பு நேரே கேமராவுக்கே போகிறது. எத்தனை மில்லி விநாடி கழித்துப் பிடிக்க வேண்டும் என்பதும் ஒரு கட்டத்தில் எழுதும் எண்தான். 2023 ஆகஸ்ட் 1 முதல் குறிப்பிட்ட 300 மருந்து பிராண்டுகளில் பார்கோடோ க்யூ.ஆர். குறியீடோ இருந்தாக வேண்டும் என்ற விதி வந்திருக்கிறது. பழைய கேமராவை வைத்துக்கொண்டு அந்தக் குறியீட்டையும் படித்து லைனை ஓட்ட முயன்றால் திண்டாட்டம்தான்.

எண்ணைத் தட்டினால் போதும் என்ற இந்த வசதியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. எக்ஸ்போஷரைக் குறைத்தால் படம் இருளும். அப்போது பையனின் கை தானாகக் கெயின் ஸ்லைடருக்குப் போகிறது. 6 டெசிபெல் ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பாகத் தெரியும், 12 ஏற்றினால் நாலு மடங்கு. ஆனால் புள்ளி புள்ளியான இரைச்சலும் அதே அளவு ஏறும். அச்சு மங்கிய ‘3’, ‘8’ ஆகிவிடும். பழைய ஆட்களுக்கு அந்தக் கெயின் திருகை நம்ப முடியாது என்று தெரியும். அதனால் விளக்கை நகர்த்தினார்கள், சாய்வை மாற்றினார்கள், பளபளக்கும் அட்டைக்கு முன்னால் பால்வெள்ளைத் தாளை ஒட்டிப் பார்த்தார்கள். பழைய சோக் போட்ட டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை அணைந்து எரிகிறது என்பதையும் படத்தில் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். தானியங்கி எக்ஸ்போஷரையும் கெயினைப் போலவே நம்ப முடியாது. வெள்ளைப் பெட்டிக்கு ஒன்று, நீலப் பெட்டிக்கு வேறொன்று என்று அது தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டால், ஆராய்கிற நிரலுக்கு எதை நம்புவது? லைனில் அதை அணைத்து வைப்பதே நல்லது.

மாறாமல் நிற்பதும் ஒன்று இருக்கிறது. 16 மில்லிமீட்டர் சினிமா கேமராவுக்காக உருவான சி-மவுண்ட் மரை இன்றும் பல கேமராக்களின் முகத்தில் அப்படியே இருக்கிறது. லென்ஸ் அமரும் விளிம்புக்கும் சென்சாருக்கும் இடையே அதே 17.526 மில்லிமீட்டர். ஃபோகஸைத் தானே சரிசெய்யும் திரவ லென்ஸ்கள் வந்துவிட்டாலும், நம் ஊர் லைன்களில் கையால் திருகும் ஃபோகஸ், அபர்ச்சர் வளையங்களுக்குப் பஞ்சமில்லை.

இந்த இடத்தில்தான் வம்பு. கேமராவின் ‘ஜாப்’ கோப்பு எக்ஸ்போஷரை, கெயினை, ட்ரிகர் தாமதத்தைச் சேமிக்கும். கையால் திருகிய அபர்ச்சரையும், லென்ஸுக்கும் பெட்டிக்கும் உள்ள தூரத்தையும், விளக்கின் கோணத்தையும் அது அறியாது. சுத்தம் செய்கிறவரின் துணி பட்டு வளையம் அரை மில்லிமீட்டர் நகர்ந்தால், கோப்பை எத்தனை முறை ஏற்றினாலும் பழைய படம் வராது. முன்பு மூத்த டெக்னீஷியன்கள் வளையத்துக்கும் பூட்டுத் திருகுக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டு வைப்பார்கள். புதிய கேமரா வாங்கியவர்களும் அதைச் செய்யுங்கள். அபர்ச்சர் எண்ணையும் தூரத்தையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி, தாங்கும் கம்பியிலேயே ஒட்டிவிடுங்கள்.