திரைக்குப் பின்னே உள்ள கருவிகள்

தச்சருக்கு உளியும் இழைப்புளியும் வேண்டும். தையற்காரருக்குக் கத்தரியும் அளவு நாடாவும் வேண்டும். ஒவ்வொரு தொழிலுக்கும் உரிய கருவிகள் உண்டு. நாள்தோறும் கைபேசியில் நாம் தொட்டுப் பார்க்கும் திரைகளை வடிவமைப்போருக்கும் அவ்வாறே கருவிகள் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

சென்ற ஆண்டு வரை நாங்களும் அறியாதவர்களே. அறிய வைத்தது ஒரு வருத்தமான நிகழ்ச்சி. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அம்மா, தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து, மகளின் கல்வி உதவித்தொகைக்காகக் கைபேசியில் விண்ணப்பம் நிரப்பினார். அன்றே கடைசி நாள். திரையின் அடியில் இரண்டு பொத்தான்கள் ஒட்டி ஒட்டி இருந்தன. ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் தமிழ்ச் சொல் அடங்காமல் பாதி எழுத்துகள் மறைந்திருந்தன. எது அனுப்புவது, எது அழிப்பது என்று விளங்காமல் அவர் ஒன்றைத் தொட, நிரப்பியதெல்லாம் அழிந்தது. மீண்டும் நிரப்பி முடிப்பதற்குள் நேரம் கடந்துவிட்டது. “நான் படிக்காதவள், அதனால்தான்” என்று அவர் தம்மையே நொந்துகொண்டார். தவறு உண்மையில் அவருடையதா?

இந்தக் கேள்வியோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மணவாள நகரில் வசிக்கும் அக்கா ஒருவரைப் பார்க்கச் சென்றோம். நாள்தோறும் திருவள்ளூரில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குச் செல்லும் அவர், கைபேசித் திரைகளை வடிவமைக்கும் வேலை பார்ப்பவர். அவரிடம் கேட்டவற்றையும் பின்னர் நாங்கள் படித்தறிந்தவற்றையும் இங்கே தருகிறோம்.

அக்கா முதலில் எடுத்துக் காட்டியது கணினியை அன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும்தான்! வீடு கட்டுமுன் வரைபடம் போடுவது போல, எந்தத் திரையில் என்ன இருக்க வேண்டும் என்பதை முதலில் கோடுகளாகவும் கட்டங்களாகவும் வரைந்துகொள்வார்களாம். அதன் பிறகே மென்பொருள்.

தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. அது நிழற்படங்களைத் திருத்துவதற்கென்று பிறந்தது. எனினும் நெடுங்காலம் பலர் அதிலேயே திரைகளையும் வரைந்தனர். 2010இல் வந்த ஸ்கெட்ச், திரை வடிவமைப்போரிடையே பெரிதும் பரவியது. ஆனால் அதில் வரைய ஆப்பிள் கணினி வேண்டும். டிலன் ஃபீல்டு, இவான் வாலஸ் என்னும் இருவர் 2012இல் தொடங்கிய ஃபிக்மா, 2016இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. இதை இணைய உலாவியிலேயே திறக்கலாம். சென்னையில் ஒருவரும் கோவையில் ஒருவரும் ஒரே படத்தில் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம். இந்நிறுவனத்தை 2,000 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அடோபி 2022இல் அறிவித்ததும், 2023இல் அம்முயற்சி கைவிடப்பட்டதும் இக்கருவியின் மதிப்பைக் காட்டும். பணம் இல்லையே என்று நாம் தயங்க வேண்டியதில்லை. பென்பாட், இங்க்ஸ்கேப் போன்ற கட்டணமில்லா மென்பொருள்களும் உண்டு.

இக்கருவிகள் செய்யும் வேலைகளில் மூன்று எங்களை வியக்க வைத்தன. முதலாவது, ஒரு பொத்தானை ஒருமுறை வரைந்து நூறு திரைகளில் வைக்கலாம். செங்கல் அச்சைத் திருத்தினால் இனி வார்க்கும் கற்களே மாறும். இங்கோ மூலத்தைத் திருத்தினால் ஏற்கெனவே வைத்தவையும் மாறிவிடுகின்றன. இரண்டாவது, சொல்லின் நீளத்திற்கேற்பப் பொத்தான் தானே விரியுமாறு அமைக்கலாம். மூன்றாவது, நிரல் எழுதுமுன்பே திரைகளைக் கோத்து, உண்மைச் செயலி போலக் கைபேசியில் இயக்கிப் பார்க்கலாம்.

அளவுகளுக்கும் வழிகாட்டிகள் உள்ளன. விரல் தொடும் இடம் ஏறத்தாழ 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது கூகுளின் வழிகாட்டி. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு குறைந்தது 4.5க்கு 1 என்று இருக்க வேண்டும் என்பது இணையத்திற்கான விதி. அப்படியானால், அந்தப் பொத்தான் தவறாக அமைந்தது கருவி இல்லாமையால் அன்று. தமிழில் படிப்பவரை யாரும் எண்ணிப் பார்க்காமையால்தான்!

வரைந்தால் மட்டும் போதாது, மக்கள் கைக்குச் சேர வேண்டும் என்பதற்கு நம் ரூபாய்க் குறியீடே சான்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த உதயகுமார் வடிவமைத்த அக்குறியீட்டை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் அதற்கு ஒருங்குறியில் இடம் கிடைத்தது. பின்னர் எழுத்துருக்களிலும் விசைப்பலகைகளிலும் சேர்ந்த பிறகே அனைவரும் அதைத் தட்டச்சு செய்ய முடிந்தது.

அக்கா சொன்னபடி நாங்களும் ஒரு சோதனை செய்தோம். அந்த விண்ணப்பத் திரையைக் காகிதத்தில் கைபேசி அளவில் புதிதாக வரைந்தோம். ‘அனுப்பு’ என்று அகலமான பொத்தானில் எழுதினோம். ‘அழி’ என்பதைத் தள்ளி மேலே வைத்தோம். தோழியின் அம்மாவிடம் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் அமர்ந்திருந்தோம். அவர் தடுமாறாமல் ‘அனுப்பு’ மீது விரல் வைத்தார். எங்களுக்கோ பெருமை தாங்கவில்லை! ஆனால் அதற்கு முன், பிறந்த தேதி கேட்ட இடத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டாரே, ஏன்? கேட்டோம். “முதலில் மாதமா, நாளா?” என்றார். நாங்கள் அதை எழுதவே இல்லை! எந்த மென்பொருளும் சுட்டிக்காட்டியிராத குறையை அவர் ஒரு நிமிடத்தில் காட்டிவிட்டார்.

தோழியரே! நாளை நம்முள் சிலர் இத்தொழிலுக்குச் செல்லலாம். கருவிகளைக் கற்பது எளிது. புதியவை வந்துகொண்டேதான் இருக்கும். ஆயினும் இரவு வேலை முடித்துக் களைத்த கண்களோடு திரையைப் பார்க்கும் ஓர் அம்மாவின் அருகில் ஒருமுறையேனும் அமர்ந்து பார்த்த பிறகே நம் வேலை முடிந்தது என்று சொல்வோமாக. இவ்வாண்டு விண்ணப்பம் தொடங்கும் முதல் நாளிலேயே தோழியின் வீட்டில் கூடுவதென்று முடிவு செய்துள்ளோம். நிரப்பப் போகிறவர் அம்மாதான். நாங்கள் பக்கத்தில் இருப்போம்.