கடைச் சாவியும் கணினிச் சாவியும்

பெரும்போக அறுவடை முடிந்து விவசாயிகளின் கையில் காசு புழங்கும் நாட்களில்தான் ஓட்டமாவடிக் கடைத்தெரு களைகட்டும். அப்படியொரு காலையில் எனது ஹாட்வெயார் கடைக் கணினி பில் அடிக்க மறுத்துவிட்டது. மென்பொருளை விற்றவர்கள் மட்டக்களப்பில், ஏறத்தாழ 30 கிலோமீற்றர் தொலைவில். "பின்னேரம் ஆள் வருவார்" என்றார்கள். வந்தது மறுநாள். திருத்த எடுத்ததோ பத்தே நிமிடம்.

"இனி அலைச்சல் வேண்டாம், அங்கிருந்தே பார்க்கிறோம்" என்று, தூரத்திலிருந்து கணினியை இயக்கும் மென்பொருள் ஒன்றைப் போட்டு, நிரந்தர இரகசியச் சொல்லும் வைத்துச் சென்றார்கள். ஒரு வருடம் நல்ல வசதி.

ஒரு நாள் லுஹர் முடிந்து கடைக்கு வந்தால் திரையில் சுட்டி தானாக நகர்கிறது. வாடிக்கையாளரின் கடன் பட்டியல் திறந்து கிடக்கிறது! இணைய வயரைப் பிடுங்கினேன். விசாரித்ததில், வேலையை விட்டுப் போன ஒருவரிடமும் அந்த இரகசியச் சொல் இருந்திருக்கிறது. காசு போகவில்லை. ஆனால் யார் எவ்வளவு கடன் என்பது ஊரார் என்னிடம் வைத்த அமானிதமல்லவா?

டோஹாவில் கணினித் துறையில் இருக்கும் மருமகனிடம் சொன்னேன். "மாமா, வேலைக்கு வந்தவருக்குக் கடைச் சாவியைக் கொடுத்தால் பின்னேரம் திருப்பி வாங்குவீங்கதானே? இதுவும் சாவிதான்" என்றார். அவர் சொல்லித்தந்தவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

விண்டோஸ் 10, 11 இல் "குயிக் அசிஸ்ட்" என்ற வசதி உண்டு. உதவுபவர் தனது கணினியில் ஓர் இரகசியக் குறியீட்டைப் பெற்றுத் தொலைபேசியில் சொல்வார். நாம் அதனை அடித்து, "அனுமதி" கொடுத்தால்தான் திரை அவருக்குத் தெரியும். குறியீடு சில நிமிடங்களே செல்லும். மூடிவிட்டால் கதவு அடைபட்டது. டீம்வியூவர், எனிடெஸ்க் போன்றவற்றிலும் ஒவ்வொரு முறையும் நம் அனுமதி கேட்கும்படி வைக்கலாம். நிரந்தர இரகசியச் சொல் மட்டும் வேண்டாம்.

விண்டோஸின் "ரிமோட் டெஸ்க்டொப்" வேறு. ஹோம் பதிப்புக் கணினிக்குள் அதன் மூலம் நுழைய முடியாது. புரோ பதிப்பு வேண்டும். அதற்காக 3389 என்ற வழியை இணையத்துக்கு நேரே திறந்துவிடுபவர்களை அனுமதிக்காதீர்கள். 2019 இல் "புளூகீப்" என்ற ஓட்டை அதில் வெளிப்பட்டபோது, மைக்ரோசொப்ட் நிறுவனம் கைவிட்டிருந்த எக்ஸ்பீ பதிப்புக்கும் திருத்தம் வெளியிட நேர்ந்தது.

இன்னொன்று: நாம் அழைக்காமல், "வங்கியிலிருந்து பேசுகிறோம், எனிடெஸ்க் போடுங்கள்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள். இத்தகைய மோசடி பற்றி இந்திய ரிசர்வ் வங்கி 2019 இலேயே எச்சரித்தது. அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது எமது நாட்டிலும் 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டத்தின்படி குற்றமாகும்.

இப்போதும் எனது கணினியைத் தூரத்திலிருந்துதான் திருத்துகிறார்கள். நான் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். வங்கிப் பக்கத்தை முன்கூட்டியே மூடிவிடுகிறேன். வேலை முடிந்ததும் நானே இணைப்பைத் துண்டிக்கிறேன். கடையைப் பூட்டிய பின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்போமே, அது போலத்தான்.